தலைப்பிரட்டை நட்சத்திரங்கள்

தம்பி,

உன் படத்தை நேற்று ஹாலில் மாட்டினோம். ஆணி அடித்தவள் உன் தங்கை தர்ஷினி. நாற்காலியில் உட்கார்ந்தபடியே இடது பக்கம் சாய்கிறது, வலது பக்கம் சாய்கிறது என்று உத்தரவு போட்டவர் உன் அப்பா. விண்வெளியில் மேல் கீழ் கிடையாது, எப்படி மாட்டினாலும் நேர்தான் என்று சொல்லி இருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். சமையல் வாயுத் தோம்பு கொண்டுவந்தவர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், செம்பருத்திப் பூவா?" என்று கேட்டார். ஓரியன் நெபுலா என்று சொன்னேன். நட்சத்திரம் பிறக்கும் வாயு மேகம், என் மகன் யான் ஊர் வயல் வரப்பில் நின்று எடுத்தது என்றும் சொன்னேன். "அப்ப இதுலயும் வாயுதானா" என்று சொல்லிவிட்டுக் காலித் தோம்பைத் தூக்கிக்கொண்டு போனார். உன் துறையைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக நான் யாரும் பேசிக் கேட்டதில்லை.

இதை வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து நீளமாகத் தட்டச்சு செய்கிறேன். மகனுக்குக் கடிதம் எழுதும் அம்மாக்கள் வழக்கமாகச் சொல்வதை எல்லாம் நான் சொல்லப்போவதில்லை. குளிருக்குக் கம்பளி வாங்கிக்கொள்ள உனக்குத் தெரியும். ஒரு விஷயத்துக்காக மட்டும் எழுதுகிறேன். தர்ஷினிக்குக் கடல் தாண்டிச் சபா மாநிலத்தில் கடலியல் படிக்க இடம் கிடைத்திருப்பது உனக்குத் தெரியும். ஏற்றுக்கொள்கிறேன் என்று இணையத்தில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதற்கு வரும் வெள்ளிக்கிழமைதான் கடைசி. அவள் அழுத்தவில்லை. அழுத்தப்போவதில்லை என்று என்னிடம் சொல்லிவிட்டாள். காரணம் நீ. இதை வேறு யாராவது படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. மூத்த பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய எத்தனையோ வீடுகளில் இப்படி ஒரு சாவி இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தச் சாவியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உன் வழியனுப்பு விருந்தன்று கோயில் மண்டபத்தில் நீ பேசியதிலிருந்து தொடங்குகிறேன். உறவுக்காரர்கள் எல்லாரும் மீ கோரேங்கும் கோழிக்கறியுமாக உட்கார்ந்திருந்தார்கள். நீ மைக்கைப் பிடித்து, "அம்மாவும் அப்பாவும் ஒரு வாயு மேகம் மாதிரி. நானும் தங்கச்சியும் அதுல பொறந்த நட்சத்திரம். மேகம் தானா வெளிச்சம் குடுக்காது. நட்சத்திரம்தான் அத ஒளிர வைக்கும். நாங்க ஒளிர வைப்போம்" என்றாய். மண்டபமே கைதட்டியது. உன் அப்பா என் பக்கம் சாய்ந்து, "நான் மேகமா, வாயுவா? வாயுவுக்குத்தான் டாக்டர் மாத்திர குடுத்துட்டாரே" என்றார். நான் சிரித்தேன், ஆனால் கைதட்டவில்லை. நீ அதைக் கவனித்தாய். இரவு வீட்டுக்கு வந்ததும், "ஏன்மா, புடிக்கலயா?" என்று கேட்டாய். களைப்பு என்று சொல்லிவிட்டேன். களைப்பு இல்லை. நீ பாதியைத்தான் சொன்னாய் என்று எனக்குத் தோன்றியது. சொன்ன பாதி சரிதான். இளம் நட்சத்திரத்தின் புற ஊதா ஒளி ஹைட்ரஜனிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்து எறிகிறது. பிரிந்தது மறுபடி சேரும்போது அந்தச் சிவப்பு ஒளி வருகிறது. மேகம் மின்னுவதற்கு நட்சத்திரம்தான் காரணம். சொல்லாமல் விட்ட பாதி, அதே ஒளியும் அதே நட்சத்திரக் காற்றும் அந்த மேகத்தை உள்ளிருந்து குடைந்து, ஊதித் தள்ளி, சில மில்லியன் ஆண்டுகளில் இல்லாமல் ஆக்கிவிடும் என்பது. நம் கண்ணுக்கு அழகாகத் தெரிவது ஒரு மேகம் கலைந்துகொண்டிருக்கும் காட்சி. பெற்றோரை மேகத்தோடு ஒப்பிடுகிறவன் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். உவமை என்றால் எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம், அதில் பாதி வசதிக்காக மறைக்கப்படுகிறது என்பதால்.

ஆனால் நாங்கள் கலைவதில் எனக்கு மனக்குறை ஒன்றும் இல்லை. எனக்கு ஐம்பது நெருங்குகிறது. உன் அப்பாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. பிள்ளைகள் வளர்ந்தால் பெற்றோர் கரைவார்கள், அது நடக்க வேண்டியதுதான். நீ பேசி முடித்த பிறகு செய்த காரியம்தான் எனக்கு உறுத்தல். தர்ஷினியை மேடைக்குக் கூப்பிட்டாய். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு வந்தாள். பாக்கெட்டிலிருந்து கார் சாவியை எடுத்து அவள் கையில் வைத்து, "இனிமே இந்த வீட்டுக்கு நீதான் அண்ணன்" என்றாய். முதல் தடவையைவிடக் கைதட்டல் இரண்டு மடங்கு. ஒரு மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீ அதை யோசித்துச் செய்ததாக நான் நினைக்கவில்லை. அந்த நேரத்தில் தோன்றியிருக்கும். ஆனால் அந்த மண்டபத்தில் இருந்த பெரியவர்கள் ஏன் அவ்வளவு உருகினார்கள் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில், பால் எடுக்க மரம் வெட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை மரங்கள் உண்டு. அதை நிரை என்பார்கள். குடியிருந்த லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் குறைந்தால், அந்த வீடு நமக்கு நிலைக்குமா என்ற பயம் எப்போதும் இருக்கும். ஆகவே ஒருவர் கல்யாணமாகிப் போனாலும் சரி, படிக்கப் போனாலும் சரி, வீட்டில் எழும் முதல் கேள்வி, "நிரைய யாரு புடிக்கிறது?" என்பதுதான். வாழ்த்து எல்லாம் அதற்குப் பிறகு. அடுத்த பிள்ளை மறுநாள் விடியலில் கத்தியும் வாளியுமாகக் கிளம்பிப் போகும். அதற்குச் சடங்கு கிடையாது, கைதட்டல் கிடையாது. எனக்குக் கோலாலம்பூரில் இயற்பியல் படிக்க இடம் கிடைத்தபோது, நான் பஸ் ஏறிய மறுநாள் என் நிரையைப் பிடித்தவள் உன் சின்னம்மா பார்வதி. அப்போது அவள் பள்ளியில் படிவம் நான்கில் இருந்தாள். இன்று அந்தத் தோட்டமே இல்லை. செம்பனை நட்டு, பிறகு பாதியில் தாமான் குடியிருப்பு வீடுகள் வந்துவிட்டன. லயம் போய்விட்டது, மரம் போய்விட்டது, அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. நீ சாவியைக் கொடுத்தபோது மண்டபத்தில் இருந்தவர்களுக்கு அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அவர்கள் தட்டியது உன் பாசத்துக்காக என்று நீ நினைத்திருப்பாய். கொஞ்சம் அதற்காகவும்தான் இருக்கும்.

இப்போது உன் படத்துக்கு வருகிறேன். சென்ற ஜனவரியில் அதை எடுக்க நாம் நால்வரும் யானுக்குப் போனது நினைவிருக்கிறதா? சுங்கை பட்டாணி வெளிச்சத்தை ஜெராய் மலை மறைத்துவிடும், அதனால்தான் யான் என்றாய். கதிர் அறுத்த வயல், காய்ந்த வைக்கோல் வாசம். பக்கத்து மலாய்க் கம்பத்து மசூதியில் இரவு இஷா பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். மலைக்கு மேலே ஓரியன் ஏறியிருந்தது. நிலத்துக்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, நீ காட்டிய திசையைப் பார்த்து, "ஓ, பெலந்திக்" என்று அதன் மலாய்ப் பெயரைச் சொல்லிவிட்டு, பாம்பு இருக்கும் ஹாத்தி-ஹாத்தி என்று எச்சரித்துப் போனார். நீ கேமராவை ஓடவிட்டாய். நான் பைனாகுலரில் பார்த்தேன். ஓரியன் என்ற அந்த வேட்டைக்காரனின் வாள் தொங்கும் இடத்தில் ஒரு சாம்பல் புகை, பச்சை இருக்கிறதோ என்று சந்தேகப்படும் அளவுக்கு ஒரு சாயல். சிவப்பு துளியும் இல்லை. "இதுக்குத்தானா இவ்ளோ தூரம்?" என்றார் உன் அப்பா காருக்குள்ளிருந்து. நம் கண்ணுக்கு மங்கிய ஒளியில் நிறம் பிரியாது, கேமரா ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஒளியைச் சேர்த்து வைக்கும், நிறம் அங்கே உண்மையாகவே இருக்கிறது என்று நீ பொறுமையாக விளக்கினாய். அது சரி. ஆனாலும் நான் பார்த்தது சாம்பல் புகைதான், அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

தர்ஷினிக்கு வானத்தில் நாட்டம் இல்லை. அவள் கைப்பேசி விளக்கை வாய்க்கால் தண்ணீரில் அடித்துக்கொண்டிருந்தாள். கோலா கெடாவில் மீன் வாங்கப் போனால் விலை கேட்காமல் மீனின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிற பெண் அவள். வாய்க்கால் நிறைய தலைப்பிரட்டைகள். "அண்ணே, இங்க வாங்களேன்" என்று கத்தினாள். நீ போய்ப் பார்த்துவிட்டு, உன் நெபுலாவுக்குள்ளும் இதே மாதிரி இருக்கிறது என்றாய். எனக்கு இன்னும் உன் குரல் கேட்கிறது. நடுவில் ஒரு பெரிய நட்சத்திரம் இருக்கிறது. சூரியனைப்போல் முப்பது மடங்குக்கும் மேல் கனம். அதைச் சுற்றிப் பிறந்த சின்ன நட்சத்திரங்கள் ஒவ்வொன்றுக்கும் வாயுவும் தூசும் சேர்ந்த ஒரு வட்டு உண்டு. பின்னால் கோள்கள் உருவாக வேண்டியது அந்த வட்டிலிருந்துதான். பெரியதன் ஒளி பட்டு அந்த வட்டு ஆவியாகிறது. ஆவியாவது ஒரு வால் மாதிரி நீள்கிறது, எல்லா வாலும் பெரிய நட்சத்திரத்துக்கு எதிர்ப் பக்கம். பார்க்கத் தலைப்பிரட்டை மாதிரியே இருக்கும்.

"அப்ப சின்னதுக்குக் கோளே வராதா அண்ணே?"

"வட்டு கரையறதுக்குள்ள சேந்துருச்சுன்னா வரும். இல்லன்னா இல்லதான்லா."

"பெரிய நட்சத்திரம் சாரி சொல்லுமா?"

நீ சிரித்தாய். "அதுக்கு எங்க தெரியும், இப்படி ஒண்ணு பக்கத்துல இருக்கறதே? அது பாட்டுக்கு எரியுது."

அன்று அது எனக்கு வெறும் பேச்சுதான். விருந்துக்குப் பிறகு அது என்னைத் தூங்கவிடவில்லை. நீ இரண்டு வருடம் அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போனாய். செவ்வாய், வியாழன், சனி. யாரைக் கேட்டாலும் மகன் எப்படிப் பார்த்துக்கொள்கிறான் பாருங்கள் என்று சொல்வார்கள். உண்மைதான், பார்த்துக்கொண்டாய். ஆனால் உருளைக்கிழங்கை வெட்டி, பொட்டாசியம் இறங்கத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தவள் அவள். அப்பா ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று போத்தலில் கோடு போட்டவள் அவள். தாமானில் யாராவது சிறுநீரக நோயாளிக்கு ஆகாத நட்சத்திரப் பழம் கொண்டுவந்து கொடுத்தால், சிரித்த முகத்தோடு வாங்கி, அவர்கள் தெருவைத் தாண்டியதும் குப்பையில் போட்டவள் அவள். ஓரியன் நெபுலா ஒரு மாபெரும் இருட்டு மேகத்தின் முன்பக்கத்தில் குடைந்த சின்னக் கிண்ணம் மாதிரிதான், வாயுவில் பெரும்பங்கு பின்னால் குளிராக, கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். வெளிச்சம் பட்ட பக்கத்துக்கு மட்டும்தான் நாம் பெயர் வைக்கிறோம்.

எனக்கு உடனே ஒரு முடிவுக்கு வருவது பிடிக்காது. பெரிய நட்சத்திரம் சின்னதை அழிக்கிறது என்று சொல்லி முடித்துவிட்டால் அதுவும் பாதிக் கதைதான். அதே ஒளி மேகத்தின் ஓரத்தை அழுத்தி, அங்கே புதிய நட்சத்திரங்கள் பிறக்கவும் வழி செய்கிறது என்று சொல்கிறார்கள். நீ ஜெர்மனிக்குப் போயிருப்பதே அதை ஆராயத்தான். போகும் முன் என்னிடம் சொன்னாய்: "கஷ்டம் என்னன்னாம்மா, ஓரத்துல ஒரு குட்டி நட்சத்திரத்தப் பாக்கறோம். அது பெரியதாலப் பொறந்துச்சா, பெரியது இல்லன்னாலும் பொறந்திருக்குமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒப்பிட்டுப் பாக்க அதே மேகம் இன்னொண்ணு இல்லையே." எனக்கு அந்த நேர்மை பிடித்தது. விருந்தில் பேசியதைவிட அதுதான் பிடித்தது. நீ படித்ததைப் பார்த்துத்தான் தர்ஷினியும் அறிவியல் பக்கம் வந்தாள் என்று சொல்லலாம். நீ இல்லாவிட்டாலும் அவள் மீன் வாயைத் திறந்து பார்த்திருப்பாள் என்றும் சொல்லலாம். இன்னொரு மேகம் நம்மிடம் இல்லை.

இதே கேள்வியை நான் என் தங்கையை வைத்துப் பல வருடம் மனத்துக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். நான் போகாமல் இருந்திருந்தால் பார்வதி படித்திருப்பாளா? போன மாதம் பீடோங்கில் அவள் வீட்டுக்குப் போனபோது கேட்டே விட்டேன். அவள் சமையலறையில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு தட்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "நான் போகலன்னா நீ படிச்சிருப்ப இல்ல?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "யக்கா, ஒனக்கு என்ன, என் வாழ்க்கையில எது நடந்தாலும் ஒன்னாலதான்னு நெனப்பா? எனக்குக் கணக்கு வராது. மூணாம் படிவத்துலயே வராது. பள்ளிக்கூடம் விட்டப்ப ஒரு பக்கம் சந்தோசமாத்தான் இருந்துச்சு."

"அப்ப ஒனக்கு வருத்தமே இல்லயா?"

"தலைய ஒழுங்காக் கிள்ளுக்கா, கண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு பாரு." இன்னும் நாலைந்து தலையைக் கிள்ளிப் போட்டாள். பிறகு தலை நிமிராமல் சொன்னாள். "யாரும் என்னக் கேக்கலக்கா. அது மட்டுந்தான். நீ பஸ் ஏறுன, மறுநாள் அம்மா கத்திய எடுத்துக் கையில குடுத்துட்டாங்க. போறியான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே போறேன்னு சொல்லியிருப்பேன். கேக்கல."

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். படித்திருப்பாளா என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அதைப் பிடித்துக்கொண்டு நான் இத்தனை வருடம் வருந்தியது வீண். ஆனால் கேட்டோமா என்பதற்குப் பதில் இருக்கிறது. தம்பி, உனக்கு நான் சொல்ல நினைக்கும் அறிவுரை என்று ஒன்று இருந்தால் அது இவ்வளவுதான்: உன்னால் இன்னொருவருக்கு நல்லது நடந்ததா கெட்டது நடந்ததா என்று கணித்துக்கொண்டே இருக்காதே, உன்னால் அதைக் கணிக்க முடியாது. அவர்களை ஒரு வார்த்தை கேள். நீ நாளைக்குக் கல்யாணம் செய்தாலும், உன் கீழ் நான்கு பேர் வேலை பார்த்தாலும் இதுதான்.

அதனால் மறுநாளே தர்ஷினியைக் கேட்டேன். வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தாள். நீ கொடுத்த நாளிலிருந்து அந்தக் கார் இதுவரை இல்லாத பளபளப்பில் இருக்கிறது. சபாவுக்கு என்ன பதில் போட்டாய் என்றேன்.

"போகலம்மா. அண்ணன்கிட்ட ஒத்துக்கிட்டேன்ல."

"நான் அண்ணனக் கேக்கல. ஒன்னக் கேக்கறேன். ஒனக்குப் போகணுமா, வேணாமா?"

குழாயை மூடவில்லை. தண்ணீர் அவள் காலில் கொட்டிக்கொண்டிருந்தது. "போகணும்னுதான் இருக்கு" என்றாள். சொன்ன உடனே தப்பாக எதையோ சொல்லிவிட்டவள் மாதிரி வேகமாகச் சேர்த்தாள்: "ஆனா செவ்வா, வியாழன், சனி யாரும்மா? நீங்க ஓட்ட மாட்டீங்க. அப்பா இப்பத் தனியா ஓட்ட முடியாது. அண்ணன் எல்லார் முன்னாடியும் நம்பிக் குடுத்தாரு. நான் ரெண்டு மாசத்துல சாவியத் திருப்பிக் குடுத்துட்டுப் போனா எப்படி இருக்கும்?"

'நீங்க ஓட்ட மாட்டீங்க.' அது உண்மைதான். அவள் பிறப்பதற்கு முன்பு, சுங்கை பட்டாணியில் ஒரு ரவுண்டபோட் சந்திப்பில் என் கார் ஒரு லாரியின் பக்கவாட்டில் லேசாக உரசியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. லைசென்ஸை மட்டும் தவறாமல் புதுப்பித்துக்கொண்டேன். பள்ளிக்கு நடந்து போகிறேன், நடப்பது உடம்புக்கு நல்லது, இந்த நாட்டில் கார்கள் அதிகம் என்று ஏதேதோ சொல்லி அதை ஒரு கொள்கை மாதிரி ஆக்கி வைத்திருந்தேன். எல்லாவற்றிலும் சந்தேகப்படுகிற நான் அந்த ஒன்றை மட்டும் சந்தேகிக்கவே இல்லை. முதலில் நீ ஓட்டினாய், பிறகு அவள். மேடையில் நீ சாவியை எடுத்தபோது அது என் பக்கம் வந்திருக்கலாம் என்று அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

போன சனிக்கிழமை நான் ஓட்டினேன். அவளிடம் சாவி கேட்டபோது, "சும்மா ட்ரைக்குத்தானே?" என்று தயங்கித் தயங்கிக் கொடுத்தாள். பின்சீட்டில் அவள், என் பக்கத்தில் அப்பா. மெர்போக்கில் நம் வீட்டிலிருந்து பீடோங் வரை எனக்குப் பின்னால் வந்த எல்லா வண்டியும் ஹாரன் அடித்தது. உன் அப்பா வாயை மூடுகிற ஆளா? "பெலான் பெலான்லா டீச்சர், மெதுவா. நமக்கு ரத்தம் மாத்தத்தான் போறோம், ரத்தம் குடுக்க இல்ல." ரவுண்டபோட் வந்ததும் நான் நிறுத்திவிட்டேன். ஒரு இடைவெளி வந்தது, போகவில்லை. இன்னொன்று வந்தது, அப்போதும் போகவில்லை. "அதுல சுத்தற வண்டியெல்லாம் ஒங்க ஸ்டூடண்டு இல்ல, கைய ஒசத்திட்டு வெளிய போகலாமான்னு கேக்கறதுக்கு. நீங்களாத்தான் நொழயணும்" என்றார். நுழைந்தேன். வெளியேற வேண்டிய சாலையைத் தவறவிட்டு முழுதாக இன்னொரு சுற்றுச் சுற்றினேன். தர்ஷினி பின்னால் சிரித்துச் சிரித்து அழுதேவிட்டாள். டயாலிசிஸ் நிலையத்தில் நர்ஸிடம் பேசி, அப்பாவின் நேரத்தைக் காலையிலிருந்து பள்ளி முடிந்த பிறகு வரும் ஷிப்டுக்கு மாற்றக் கேட்டேன். அடுத்த வாரத்திலிருந்து இடம் இருக்கிறது என்றார்கள். இத்தனை காலம் நான் கேட்டதே இல்லை, பார்.

ஆனாலும் அவள் பொத்தானை அழுத்தவில்லை. நான் போகச் சொன்னால் போதாது. அவள் ஒத்துக்கொண்டது உன்னிடம், அதுவும் ஊர் முன்னால். அதை அவிழ்க்க உன்னால்தான் முடியும். எனவே வெள்ளிக்கிழமைக்குள் அவளைக் கூப்பிடு. ஒன்று மட்டும் கவனமாக இரு. நீ கட்டாயம் போக வேண்டும், உன் எதிர்காலம், உன் கனவு என்றெல்லாம் பேசத் தொடங்காதே. நீ நன்றாகப் பேசுவாய், அதுதான் ஆபத்து. அதுவும் அவள்மேல் பாய்ச்சுகிற ஒளிதான். அவள் இன்னொரு முறை உனக்காக முடிவெடுத்துவிடுவாள். "அந்தச் சாவிய ஒன்னக் கேக்காமக் குடுத்துட்டேன். அது அம்மாகிட்டயே இருக்கட்டும்" என்று மட்டும் சொல். சொல்லிவிட்டுப் பேசாமல் இரு. அவள் அதற்குப் பிறகும் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லலாம். சொன்னால் அது அவள் முடிவு, நாம் இருவரும் அதை ஏற்றுக்கொள்வோம். உன்னை மங்கச் சொல்லவில்லை, தம்பி. நீ எரிவதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று நான் உன்னிடம் சொன்னதில்லை. இப்போது எழுத்தில் சொல்லிவிட்டேன், திரும்பச் சொல்வேன் என்று எதிர்பார்க்காதே.

இங்கே இப்போது தினமும் மழை, வானம் தெரிவதில்லை. மழை ஓய்ந்து ஜனவரி வந்தால் மாலையிலேயே பெலந்திக் ஜெராய் மேல் ஏறிவிடும். அதற்குள் யான் வரை ஓட்டப் பழகிவிடுவேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கிறதா என்று கேட்டார். நீ படத்தில் பிடித்த சிவப்பு எனக்கு அப்போதும் தெரியாது. அந்தச் சாம்பல் புகையைப் பார்ப்பேன். அதற்குள் பெரியதற்கு எதிர்ப்பக்கமாக வால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நட்சத்திரங்களை நினைத்துக்கொள்வேன், அவை பைனாகுலரில் தெரியாது என்றாலும்.

பெரிய நட்சத்திரம் சாரி சொல்லுமா என்று அவள் அன்று வயலில் கேட்டாள். அதற்கு எங்கே தெரியும் இப்படி ஒன்று பக்கத்தில் இருப்பதே, அது பாட்டுக்கு எரிகிறது என்று நீ சொன்னாய். நட்சத்திரத்தைப் பொறுத்தவரை சரியான பதில்தான்.

உனக்கு இப்போது தெரியும்.

சனிக்கிழமை வாங்கிய சாவி இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது.

அம்மா